போல்ட்டுக்காகப் பேசியவன்

"அப்படி இல்லீங்கம்மா! மறுபடியும் மொதல்ல இருந்து. 'என்ற பையன்'... சொல்லுங்க."

"என்ற பையன்..."

"ம்ம்."

"என்ற பையன்... நல்லவன்." அவ்வளவுதான். சுகந்தாமணி அம்மா சட்டென்று வாசல் பக்கம் திரும்பி "தூ, தூ, தூ" என்று துப்பினார். பிறகு அடுப்படிக்கு ஓடி, ஒரு கை உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த தன் மகன் தலையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அம்மா, ஃபோன்ல அந்தச் செவி எந்திரம் கேட்டுக்கிட்டிருக்கும்! தூ தூன்னா அது என்னன்னு புரிஞ்சுக்கும்?" என்றேன்.

"அதுக்காக? பெத்தவளே வாய் நிறையப் புகழ்ந்தா கண்ணுபட்டுராதா? இவன் கைக்கொழந்தையா இருக்கறப்ப எதுத்த ஊட்டுக்காரி கொழுகொழுன்னு இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா. அன்னிக்குச் சாயங்காலமே காய்ச்சல். தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. இதோட அம்பது தடவை சொல்லிட்டீங்க."

தலைக்கு மேல் மிளகாய் சுற்றிக்கொண்டிருக்க, தரணிதரன் நிமிராமலே சொன்னான். "விடுடா கிருபா. அம்மாவால முடியாது."

அவன் என் நண்பன். ஊருக்கு அவன் போல்ட்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை.

"ஏங் கண்ணு," என்றார் அம்மா, மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு வந்து. கமறவில்லை, அதில் அவருக்கு ஒரு வெற்றிப் புன்னகை வேறு. "எங்க காலத்துல ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. இப்ப எதுக்கு இத்தனை கூத்து?"

"அந்தத் தாளை எந்திரம் எழுத ஆரம்பிச்சிருச்சுங்கம்மா. ஒரு வேலைக்குப் பத்தாயிரம் பேரு போடறான். பத்தாயிரம் பேரும் நேர்மையானவன், உழைப்பாளி, கூட்டத்துல அனுசரிச்சுப் போறவன். கம்பெனிக்காரன் யாரைன்னு நம்புவான்? அதான், இனிமே எவனும் தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கக் கூடாது, அவனைத் தெரிஞ்ச இன்னொருத்தன் வந்து பேசட்டும்னு ஆக்கிட்டாங்க. அந்த ஆளுதான் சொல்லாள்."

"சொல்லாளு பொய் சொன்னா?"

"அதுக்குத்தான் செவி. ரூமுக்குள்ள தனியா உக்காந்து அதுங்கிட்டப் பேசணும். மூச்சு, குரல் நடுங்கறது, எங்க நிறுத்தறோம், எல்லாத்தையும் கேக்கும். மனசுல இருந்து வருதா, மனப்பாடமான்னு பட்டுனு புடிச்சிரும்."

"சரி, அப்ப நீயே பேசிக்க. என்னை எதுக்குப் பாடாப்படுத்தற?"

"சொந்தக்காரங்க சொல்லாளா வர முடியாது. ஆனா வீட்டுக்கு ஒரு ஃபோன் வருமுங்கல்ல, அது நீங்கதான எடுக்கறீங்க? போன தடவை என்ன சொன்னீங்க?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரணி படுத்தபடியே அதே குரலில் ஒப்பித்தான். "'அவனுங்களா? சோத்தைக் கண்டா எந்திரிப்பான், வேலையக் கண்டா படுத்துக்குவான். நாங்களே எப்படா தொலைவான்னு பார்த்துக்கிட்டு இருக்கறமுங்க.'"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"செவிக்குச் சும்மா பேச்சுன்னு ஒண்ணு கிடையாதுங்கம்மா!"

போன இரண்டு வருடமும் இரண்டு வேலைகள் அப்படித்தான் போயின. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கத் துணியை விரித்து எங்கே ஓட்டை, எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று தேடுகிற கண். நல்ல துணியைப் பார்த்து நல்ல துணி என்று சொல்வது அவருடைய வேலையிலேயே இல்லை. பேசாமல் அடுத்ததை எடுப்பார், அதுதான் பாராட்டு.

இப்போது கடைசி வாய்ப்பு. பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைக் காடு இருக்கிறதே, அங்கே நெடுங்காற்று என்ற நிறுவனத்தில் ஒரே ஒரு இடம். கோபுரத்தின் உச்சிக்கு ஏறி இறக்கைகளையும் போல்ட்டுகளையும் பார்க்கிற வேலை. மற்றதையெல்லாம் பறக்கும் எந்திரங்கள் செய்துவிடும், போல்ட்டை முறுக்கிக் கையால் உணர்ந்து பார்ப்பதற்கு இன்னும் மனிதன்தான். இருபத்தாறு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். தரணிக்கு மாசி மாதம் இருபத்தாறு முடிகிறது. கிடைக்காவிட்டால் ஓசூரில் அவன் மாமாவின் கிடங்குக்குப் போகவேண்டியதுதான். அம்மா இங்கே தனியாக.

ஒரு ஆள் வருடத்துக்கு ஒருவருக்காகத்தான் பேசலாம். இந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமே! தை மாதம் விண்ணப்பம் திறந்தால் போதும், எல்லோரும் திடீரென்று அன்பாகிவிடுவார்கள். பேசாதவன் வந்து டீ வாங்கித் தருவான். பள்ளியில் என் பேனாவைத் திருடியவன் பிறந்தநாள் வாழ்த்து சொல்வான். எதிர்த் தெருவில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த ஒரு பெண் மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறாள், அவளுக்குப் பேச ஆள் இல்லை. எந்நேரமும் படித்துக்கொண்டே இருந்துவிட்டாள், பழகவில்லை. தரணியும் அப்படித்தான் ஆகியிருப்பான். அவன் வாயைத் திறப்பதே கொட்டாவி விட மட்டும்தான். அவனுக்கு நான் ஒருவன்தான்.

எனக்கும் வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு தொழில் ஆரம்பித்து எட்டையும் பாதியில் விட்டவன். என் அப்பா என்னைப் பார்க்கும்போது என் பெயரைச் சொல்வதில்லை, பெருமூச்சு விடுவார், நான் திரும்பிப் பார்ப்பேன்.

அன்று மாலை மொட்டை மாடியில் பயிற்சி. தரணி கைப்பிடிச் சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நடு மாடியில். எனக்கு அங்கேதான் காற்று வசதி.

"கேளுடா," என்றேன். "எல்லா வீடியோவும் பார்த்துட்டேன். பொதுவா நல்லவன் வல்லவன்னு சொல்லக்கூடாது. நடந்ததைச் சொல்லணும். எங்க, எப்ப, அவன் என்ன செஞ்சான், அதனால என்ன ஆச்சு. சின்னதா, தெளிவா. நான் மூணு சம்பவம் ரெடி பண்ணியிருக்கேன்."

"என்ன சம்பவம்?"

"ஒண்ணு, நீ வெள்ளத்துல ஒரு ஆட்டுக்குட்டியக் காப்பாத்துனது."

"அது நாயி. தானா நீந்தி வந்துருச்சு. நான் துண்டு குடுத்தேன்."

"துண்டு குடுக்கறதும் காப்பாத்தறதுதான்டா!"

தரணி சிரித்தான். தூரத்தில் காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கு ஏற்றிக்கொண்டன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணாவது வரிசையில அந்தக் கடைசி இருக்குல்ல, ஒரு எறக்கை லேசாத் தட்டுது பாரு," என்றான். எனக்குப் பன்னிரண்டு காற்றாலைகளும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

மறுநாள் செவி அறை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடி. படிக்கட்டுக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை, வெறும் கம்பி. நான் உள்பக்கச் சுவரை உரசிக்கொண்டே ஏறினேன். அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை விளக்கு. விளக்குக்குள்தான் செவி.

"வணக்கம் கிருபாகரன். தரணிதரனைப் பத்திச் சொல்லுங்க. அவசரமில்லை," என்றது. மருத்துவமனையில் நல்ல நர்ஸ் பேசுவது போன்ற குரல்.

நான் ஆரம்பித்தேன். வெள்ளம், துண்டு, நாய் எல்லாம் வந்தது. பொறுப்புணர்ச்சி என்று ஒரு இடத்தில் சொன்னேன். செவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"நன்றி. ஆனா இதை நீங்க நிறைய தடவை சொல்லிப் பார்த்திருக்கீங்க. நாய் வந்த இடத்துல மட்டும்தான் உங்களுக்கே சிரிப்பு வந்தது. வேற ஏதாவது சொல்றீங்களா?"

இரண்டாவது சம்பவத்தை எடுத்தேன், அது பாதியிலேயே என் கண்முன் செத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, செவிமேல் இல்லை, தரணிமேல். இவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல முடியவில்லையே!

"அவன் ஒரு கிறுக்கனுங்க!" என்று கத்தினேன். "கூட வண்டியில போகவே முடியாது. பக்கத்துல போற எவன் வண்டியிலயோ செயின் தொங்குதுன்னு வேற ரோட்டுல திரும்பித் துரத்திக்கிட்டுப் போவான். பரீட்சைக்கு லேட்டாயிருச்சு ஒருக்கா! ஸ்கூல் டூர்ல படகுல ஏறப்போனோம், எல்லாருக்கும் மிதவைச் சட்டை இருக்கான்னு எண்ணிட்டுத்தான் விடுவேன்னு குறுக்க நின்னுக்கிட்டான். வாத்தியார் அடிச்சாரு. அடி வாங்கிக்கிட்டே எண்றான்! ஊட்டுக்கு வந்தா மொதல்ல கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பான், அப்பறம்தான் வாங்கன்னு சொன்னதுக்கே பதில் வரும். எனக்குத் தும்மல் வந்தா மழை வரும்னு அவனுக்குத் தெரியும், எனக்கே அது தெரியாது. இதைவிடக் கேவலம், அந்த ராட்டினம்..."

"ராட்டினமா?"

"ஒம்பதாவது படிக்கறப்ப. மாரியாத்தா கோயில் நோம்பித் திருவிழா. நாங்க ஆறு பேரு ராட்டினத்துல ஏறிட்டோம். இவன் ஏறல, கீழ எங்க செருப்பையெல்லாம் புடிச்சுக்கிட்டு நின்னான். ஒரு சுத்து கூட முடியல, திடீர்னு 'நிறுத்துங்க, போல்ட்டு கழண்டிருக்கு!'ன்னு உசுரே போற மாதிரி கத்தறான். கூட்டமெல்லாம் அலறி ஓடுது. ராட்டினக்காரன் நிறுத்தி எல்லாரையும் எறக்கி ஒவ்வொரு போல்ட்டா ஆட்டிப் பார்த்தான். ஒண்ணும் கழலல! விட்டான் பாருங்க ஒரு அறை. நோம்பியே சிரிச்சுது. அன்னிலிருந்து அவன் பேரு போல்ட்டு. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், கோயில் பூசாரி எல்லாருக்கும் போல்ட்டு. அவனுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையிலகூட எவனோ போல்ட்டுன்னு எழுதிக் குடுத்தான். ஒரு நா கூட ஒருத்தன்கிட்டயும் அவன் கோவிச்சுக்கிட்டதில்லைங்க. எனக்குத்தான் வயிறு எரியும். நானும் போல்ட்டுன்னுதான் கூப்பிடறேன், அது வேற."

"ராட்டினம் நின்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் உச்சியில இருந்தேன்."

"எப்படி இருந்தது?"

"சூப்பரா இருந்துது," என்றேன்.

செவி "தொடருங்க," என்றது.

வெளியே வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தரணி படிக்கட்டின் கீழே நின்றிருந்தான். "எப்படிடா?" என்றான். "முடிஞ்சுது," என்றேன். "திட்டித் தீர்த்துட்டேன். மன்னிச்சுக்க." அவன் என் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான். "டீ குடிக்கலாமா?"

அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஃபோன் வந்தது. நான் அம்மாவின் எதிரே நின்று, கைகூப்பி, கெஞ்சி, ஊமையாக 'நல்லவன், நல்லவன்' என்று வாயசைத்தேன். அம்மா என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டார்.

"அவனுங்களா? சுத்த தண்டமுங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டான்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. குளிக்க மாட்டான், தலை வார மாட்டான், எருமை மாதிரித் தூங்குவான். எல்லாம் முடிந்து ஃபோனை வைக்கும் முன்னால் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏனுங், அந்தக் கோபுரத்துல காத்து ரொம்ப அடிச்சா எறக்கி விட்டுருவீங்களா?"

ஒரு வாரம் கழித்து எனக்கு அழைப்பு. தரணிக்கு இல்லை, எனக்கு.

நெடுங்காற்று அலுவலகத்தில் மெஹருன்னிசா மேடம் என்று ஒருவர், ஆள் எடுக்கிற பொறுப்பில் இருக்கிறவர். நேரில் வரச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெரிய வெள்ளைக் கால்கள் வரிசையாக நின்றன. மேடம் தேநீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"இந்த வேலைக்கு உங்களை எடுக்கலாம்னு இருக்கோம் கிருபாகரன்."

"நான் விண்ணப்பமே போடலீங்க மேடம்! தரணிக்காகத்தான் வந்தேன்."

"தெரியும். ஆனா பேசறவங்களையும் செவி கேக்குது இல்லையா? கோபுரத்துல எப்பவும் ரெண்டு பேருதான் ஏறுவாங்க. ஒருத்தருக்குத் தலை சுத்துனா இன்னொருத்தர் அவங்க சொல்றதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும். தன்னைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேண்டாம். பக்கத்துல இருக்கறவனைத் தெரிஞ்ச ஆள் வேணும். உங்க நண்பன் எதைத் தொடுவான், எதுக்குத் திரும்புவான், எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை."

"அப்ப தரணி?"

"ஒரு இடம்தான் இருக்கு. அவரைப் பத்தி எங்களுக்குக் கிடைச்சது உங்க பேச்சு மட்டும்தான். உங்க பேச்சுல நீங்கதான் அதிகமாத் தெரியறீங்க."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முதலில் அப்பா முகம். பெருமூச்சு விடாத அப்பா. அதற்கப்புறம்தான் தரணி. அதற்கும் அப்புறம், ஜன்னலுக்கு வெளியே அந்த உயரம். ஏணியில் நாலு படி ஏறினாலே எனக்குக் கால் பஞ்சாகிவிடும். இது யாருக்கும் தெரியாது. பழகிக்கொள்ளலாம், ஊரில் எல்லோரும் பழகித்தானே ஏறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆனா விதி விதிதான்," என்றார் மேடம். "உங்களுக்காகவும் ஒரு சொல்லாள் வந்து பேசணும். யாரைக் கூட்டிட்டு வருவீங்க?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பேசுகிறவனையும் கேட்கிறார்கள் என்றால், தரணி வாயைத் திறக்கட்டுமே! அவனைக் கேட்டால் இவர்கள் அவனை விடுவார்களா? எனக்கு வேலை, அவனுக்கும் ஒரு வழி. என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய வேலை எனக்கு வந்ததைச் சொல்லும்போது நாக்கு புரளவில்லை. அவன் கேட்டுக்கொண்டே என் பைக்கின் பிரேக் கம்பியை அமுக்கிப் பார்த்தான். "நீ ஏறணுமா?" என்றான்.

"ஆமாடா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் வந்து பேசறேன்."

அவன் செவி அறைக்குள் போனான், நான் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"அதுக்குள்ளயா? என்னடா சொன்ன?"

"கெடுத்துட்டேன்டா."

"என்னது?"

"உனக்கு அந்த வேலை கிடைக்காது. நான் சொன்னதைக் கேக்கணும்னா உனக்கு உரிமை இருக்கு, போய்க் கேட்டுக்க. என் வாயால கேக்காத." சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். பைக்கில் ஏறவில்லை.

இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. என் வருடத்தை இவனுக்குக் கொடுத்தேன், இவன் என் வேலையைக் கெடுத்துவிட்டு வருகிறான்! அவன் அம்மா குண்டாவில் கொள்ளுப் பருப்பு கொடுத்துவிட்டார், திருப்பி அனுப்பினேன். மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடிப் பாதி வழியில் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார்.

செவியின் குரல். "கிருபாகரனைப் பத்திச் சொல்லுங்க." அதற்கப்புறம் தரணி, எப்போதும் போல இழுத்து இழுத்து:

"அவனுக்கு வேலை குடுங்க. எந்த வேலை வேணாலும் குடுங்க, செய்வான். மேல மட்டும் ஏத்தாதீங்க."

"ஏன்?"

"உயரம் அவனுக்கு ஆகாது."

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கிட்டயும். மாடியில நடுவுலதான் உக்காருவான். கேட்டா காத்து வசதிம்பான்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பதாவது படிக்கறப்ப நோம்பியில ராட்டினம் ஏறுனான். மத்தவங்க முன்னாடி வேண்டாம்னு சொல்ல முடியல போல. ஆளு ஏத்தறதுக்காக உச்சியில நிறுத்துனாங்க. எல்லாரும் கத்தறாங்க. எத்தன பேரு கத்துனாலும் இவன் சத்தம் எனக்குத் தனியாத் தெரியும். அன்னிக்கு இவன் சத்தம் அதுல இல்ல. நிமிந்து பார்த்தேன். கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, வாயை மட்டும் தெறந்து வெச்சிருந்தான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"போல்ட்டு கழண்டிருக்குன்னு கத்துனேன்."

"கழண்டிருந்ததா?"

"இல்லீங்க. எல்லா போல்ட்டும் கெட்டியாத்தான் இருந்துச்சு."

"இதை ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவனை ஓட்டுவாங்க. அவனுக்குத் தாங்காது. எனக்குத் தாங்கும்."

அவ்வளவுதான் பதிவு. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் மூக்கைச் சிந்துவதற்கு நேரம் கொடுப்பது போல.

"நீங்க பேசின நாப்பது நிமிஷத்துல ஒரே ஒரு இடத்துல செவி பொய்னு குறிச்சிருந்தது," என்றார். "உச்சியில எப்படி இருந்ததுன்னு கேட்டப்ப 'சூப்பரா இருந்துது'ன்னு சொன்னீங்களே, அங்க. எனக்கு அப்ப புரியல. இவர் பேசுனதைப் பக்கத்துல வெச்சப்பதான் புரிஞ்சுது."

"மேடம், அவனை எடுத்துக்குவீங்களா?"

"வேற யாரை எடுக்கறது?" என்றார். "அவங்கம்மாகிட்டயும் சொல்லிருங்க. காத்து அதிகமா அடிச்சா எறக்கி விட்டுருவோம். அந்தம்மா திட்டுன திட்டு அத்தனையும் சும்மான்னு செவிக்கு அந்த ஒரு கேள்வியிலதான் விளங்குச்சாம்."

எனக்கு வேலை? இல்லை. இன்னும் இல்லை. அடுத்த தைக்கு எனக்காகத் தரணி பேசுவான், தரையில் செய்கிற வேலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பெருமூச்சுதான் விட்டார், ஆனால் அது கொஞ்சம் சின்னப் பெருமூச்சு.

நேற்று தரணிக்கு முதல் நாள். அம்மா கம்பெனியில் விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். நானும் அவரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். வெள்ளைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் புள்ளி வெளியே வந்து கையாட்டியது. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தலை வாராமப் போயிருக்கான் பாரு, எருமை," என்று முணுமுணுத்துவிட்டு, அவசரமாகத் திரும்பித் துப்பினார்.

சாயங்காலம் இறங்கி வந்தவன் முதலில் என் பைக் சக்கரத்தைத்தான் தொட்டுப் பார்த்தான். வேலி ஓரம் நின்றிருந்த டீக்கடைப் பையன்கள் "போல்ட்டு! மேல எல்லா போல்ட்டும் கெட்டியா இருக்கா?" என்று கத்தினார்கள். அவன் சிரித்தபடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பிறகு என்னிடம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "கேட்டியாடா? நான் பேசுனத," என்றான்.

"இல்ல, இன்னும் கேக்கல," என்றேன்.

பக்கத்தில் செவி இல்லை. ஆனால் தரணி இருந்தான். என் முகத்தை ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான். "வண்டிய எடு," என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

அவன் வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போனான். வழக்கமாக நான் அங்கிருந்து கத்துவேன், "நாளைக்குப் பார்க்கலாம்டா போல்ட்டு!" என்று. நேற்று வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. தரணி என்று கூப்பிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு உறுதியாகிவிடும், வெட்கப்படுவான். போல்ட்டு என்று கூப்பிட என்னால் முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரை அவன் எனக்காகத்தானே இத்தனை வருடம் சுமந்தான், அதை நான் விட்டுவிட்டால் அதுவும் சரியா? விடிந்ததிலிருந்து இதேதான் மண்டைக்குள் ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை வேலைக்குக் கொண்டுபோய் விடவேண்டும், வாசலில் நின்று கூப்பிட்டாக வேண்டும். நீங்களே சொல்லுங்களேன், அவனை நான் இனிமேல் என்னவென்று கூப்பிடட்டும்?